மூக்கு அறுவைக்குப் பின் எந்த ஊசி?

மூக்கின் இடைச்சுவர் கோணலைச் சரிசெய்யும் செப்டோபிளாஸ்டி முடிந்து மயக்கம் தெளிபவருக்கு வலி பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும். நாசியை அடைத்த பேக், வாயால் மூச்சுவிட்டு வறண்ட தொண்டை, விழுங்கிய ரத்தம் கிளப்பும் குமட்டல் ஆகியவையும் சேர்ந்தே அவரை வாட்டும். ஆனால் வலிநிவாரணிகளை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் 0 முதல் 10 வரையிலான வலி மதிப்பெண்ணையே முதன்மையாகப் பார்க்கின்றன. மூக்கு அறுவைக்கு அந்த ஒரு கோல் போதாது.

காரணம் எளிது. வலி கூடினால், ஆய்வின் எந்த மருந்துப் பிரிவில் இருக்கும் நோயாளிக்கும் கூடுதல் மருந்து கொடுத்தாக வேண்டும். கொடுத்ததும் இரு பிரிவின் மதிப்பெண்களும் நெருங்கிவிடும். எனவே யார் எத்தனை முறை கூடுதல் மருந்து கேட்டார் என்பதே நம்பகமான அளவு. அறுவையின்போது செலுத்திய லிக்னோகெயின் மரப்பு தீருமுன் எடுத்த மதிப்பெண்ணோ மருந்தைப் பற்றி அதிகம் சொல்லாது.

இனி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சிரைவழி பாராசிட்டமாலை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் ஏற்றது. 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு 15 நிமிடத்தில் 1 கிராம். நாளொன்றுக்கு 4 கிராம் உச்சவரம்பு. ரத்தத் தட்டணுக்களை அது பெரிதாகத் தொடுவதில்லை, தூக்கக் கலக்கமும் தராது. தனியாகப் பார்த்தால் சற்று மென்மையான மருந்துதான். நோயாளி விழுங்கத் தொடங்கியதும் மாத்திரைக்கு மாறிவிடலாம். அதன்பின் சொட்டு ஏற்றுவது வீண்செலவு.

கெட்டோரோலாக், டைக்ளோஃபெனாக் இரண்டும் வலியை இன்னும் நன்றாக அடக்கும். ஆனால் காக்ஸ்-1 நொதியைத் தடுத்து, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் திராம்பாக்சேனைக் குறைக்கின்றன. ஆஸ்பிரினுக்கு மாறாக, அந்தத் தடை தட்டணுவின் ஆயுள்வரை நீடிக்காது. மருந்து வெளியேறியதும் நீங்கும். ரத்தக் கசிவைப் பற்றிப் பேசுமளவு ஆஸ்துமாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் வியப்பு. மூக்குச் சதை வளர்ச்சி, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் ஒருவரிடமே கூடிவருவதை 1922இல் மருத்துவர் விடால் விவரித்தார். 1968இல் ஆய்வாளர்கள் சாம்ட்டர், பியர்ஸ் இருவரும் விரிவாக எழுதினர். மூக்குச் சதையை அகற்றிக்கொள்ள வருபவர்களில் இந்தக் கூட்டமும் உண்டு. அவர்களுக்கு இந்த இரு ஊசிகளும் கடும் மூச்சிரைப்பைத் தூண்டலாம். வலி மதிப்பெண்ணில் இதற்கு இடமே இல்லை.

டிரமடாலின் நிலை இன்னும் சிக்கலானது. ஏற்கெனவே குமட்டும் வயிற்றை அது மேலும் புரட்டும். வாந்தியை நிறுத்த ஒண்டான்செட்ரான் போட்டால் டிரமடாலின் வலிநீக்கம் சற்றுக் குறையக்கூடும். இரண்டும் செரடோனின் பாதையில் மோதிக்கொள்கின்றன. இரு நாசியும் அடைபட்ட நிலையில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயுள்ளவருக்கு டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை மருந்து தனி ஆபத்து. டிரமடாலைச் செயல்பட வைக்கும் கல்லீரலின் சிவைபி2டி6 நொதி ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரே அளவு ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு மிகையாகவும் போகும். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு டிரமடாலைக் கொடுக்கக் கூடாது என்றது.

ஆக, நேரம் தவறாத பாராசிட்டமால் அடித்தளம். ஆஸ்துமா, சிறுநீரகம், வயிற்றுப்புண், ரத்தக் கசிவு பற்றி விசாரித்தபின் ஒரு கெட்டோரோலாக். இரண்டுக்கும் அடங்காத வலிக்கு மட்டும் டிரமடால். இனி வரும் ஒப்பீடுகள் வலி மதிப்பெண்ணோடு வாந்தி, கசிவு, கூடுதல் மருந்து ஆகியவற்றையும் ஒரே அட்டவணையில் தர வேண்டும்.