மின்னஞ்சலை அனுப்பியது உண்மையிலேயே அந்த நிறுவனம்தானா?

2024 ஜூலை 15ஆம் தேதி, சிங்கப்பூரில் இயங்கும் ஒரு மூலப்பொருள் வணிக நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வழக்கமாகச் சரக்கு தரும் நிறுவனம் அனுப்பியதைப் போலவே அது இருந்தது. நிலுவைத் தொகையைத் திமோர் லெஸ்தேயில் உள்ள ஒரு புதிய வங்கிக் கணக்கில் செலுத்தும்படி அதில் கேட்டிருந்தார்கள். 19ஆம் தேதி 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் அந்தக் கணக்குக்குப் போனது. உண்மையான நிறுவனம் இன்னும் பணம் வந்து சேரவில்லை என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. 23ஆம் தேதி போலீசில் புகார் செய்யப்பட்டது. அனுப்பியவரின் முகவரியில் எழுத்து சற்றே மாறியிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இன்டர்போல் வழியாகத் தகவல் விரைந்து போனதால், 25ஆம் தேதி 39 மில்லியன் டாலர் முடக்கப்பட்டது. திமோர் லெஸ்தேயில் எழுவர் கைதாகி, மேலும் 2 மில்லியனுக்கு மேல் மீட்கப்பட்டது. இப்படித் திரும்பக் கிடைப்பது அபூர்வம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023இல் வந்த இவ்வகைப் புகார்களில் மட்டும் இழப்பு 2.9 பில்லியன் டாலர்.

மில்லியன் கணக்கில் புரளும் நிறுவனங்களின் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கிள்ளானில் கேட்டரிங் நடத்துபவர், சுங்கை பட்டாணியில் லாரி வைத்திருப்பவர், சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர் எல்லாரும் இன்று பில்லை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் பெயரில் வேறொருவர் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் என்ன ஆகும்? பணத்தை இழப்பவர் வாடிக்கையாளர். பெயரை இழப்பவர் கடைக்காரர்.

ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதுவது எப்படி முடிகிறது என்ற கேள்விக்குப் பதில் 1982இல் இருக்கிறது. மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கடத்தும் எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறை அந்த ஆண்டில் வகுக்கப்பட்டது. அப்போது வலையில் இருந்தவர்கள் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் அறிந்த கூட்டம் என்பதால், அனுப்புநரைச் சோதிக்கும் ஏற்பாடு எதையும் அதில் வைக்கவில்லை. தோட்டத்து ஆபிசுக்குத் தபால் வந்த காலத்தை நினைத்துக்கொண்டால் எளிதாக விளங்கும். உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரி என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரை அச்சடிக்கலாம். தபால்காரர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். மின்னஞ்சலுக்கும் இப்படி உறை முகவரி ஒன்று, கடிதத் தலைப்பு முகவரி ஒன்று என இரண்டு உண்டு. நம் திரையில் தெரிவது தலைப்பு முகவரி மட்டுமே.

இந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. மூன்றும் நிறுவனத்தின் ‘டொமேன்’ எனப்படும் இணையப் பெயரைச் சார்ந்தவை. முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பகுதிதான் டொமேன். அந்தப் பெயருக்கென்று டி.என்.எஸ். என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு பக்கம் இருக்கும். பெயரின் சொந்தக்காரர் மட்டுமே அதில் எழுத முடியும், உலகில் யாரும் படிக்கலாம். நம்பகத்தன்மை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

முதலாவது எஸ்.பி.எஃப். ‘என் பெயரில் கடிதம் அனுப்ப இந்த இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்று சொந்தக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்கிறார். பெறுகின்ற ஜிமெயிலோ அவுட்லுக்கோ அந்தப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும். ஆனால் இது உறை முகவரியை மட்டுமே பார்க்கும். கடிதம் இன்னொரு முகவரிக்குத் தானாகத் திருப்பி அனுப்பப்பட்டால் உண்மையான கடிதமே தேர்ச்சி பெறாமல் போகலாம்.

இரண்டாவது டி.கே.ஐ.எம். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்த முயற்சிகள் ஒன்றாகி 2007இல் விதிமுறையானது இது. அரசரின் திருமுகத்தில் இலச்சினை பொறித்ததைப் போன்றது என்று சொல்லலாம். ஒவ்வொரு கடிதத்துடனும் மின்னணு ஒப்பம் ஒன்று போகும். ஒப்பமிடும் ரகசியச் சாவி நிறுவனத்திடம் இருக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி பதிவேட்டில் இருக்கும். ஒப்பமிட்ட பகுதியை, உதாரணமாக பில்லில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை, வழியில் யாராவது மாற்றினால் ஒப்பம் பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். 2012இல் பேபால், கூகல், மைக்ரோசாஃப்ட், யாஹூ உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. திரையில் தெரியும் தலைப்பு முகவரி முன்னிரண்டு சோதனைகளில் ஒன்றிலாவது தேறிய டொமேனோடு ஒத்துப்போகிறதா என்று இது பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொந்தக்காரரே எழுதி வைக்கலாம். சும்மா கவனி, ஸ்பேம் பெட்டியில் தள்ளு, அடியோடு நிராகரி என்று மூன்று படி. யார் யார் நம் பெயரில் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் தேடி வரும். பல நிறுவனங்கள் முதல் படியைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுகின்றன. அது கதவுக்குப் பூட்டு வாங்கிப் பூட்டாமல் விட்ட கதை.

2024 பிப்ரவரி முதல் இது விருப்பத்துக்குரிய விஷயமாக இல்லை. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் அனுப்பும் நிறுவனங்களுக்கு மூன்றும் கட்டாயம் என்று கூகல் விதித்தது. யாஹூவும் கூடவே நின்றது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கும் சேர்ந்துகொண்டது. சிறிய கடைக்கு 5,000 எங்கே வரப்போகிறது என்று கேட்கலாம். ஆனால் குறைவாக அனுப்புபவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது கூகலின் விதி. இல்லாவிட்டால் உண்மையான பில்லும் ஸ்பேமில் விழும்.

சிறுதொழில் செய்பவர்களிடம் இருக்கும் சிக்கல் வேறு. பெயரட்டையில் இலவச ஜிமெயில் முகவரியைத்தான் போட்டிருப்பார்கள். ஜிமெயிலின் டொமேன் கூகலுக்குச் சொந்தம்; அதில் கடைக்காரர் எந்த விதியும் எழுத முடியாது. ஓர் எண்ணைக் கூட்டி அதே மாதிரி முகவரியை யாரும் ஐந்து நிமிடத்தில் திறந்துகொள்ளலாம். சொந்த டொமேன் வாங்குவதுதான் முதல் வேலை. அதை இணையத் தளம் கட்டித் தருபவரின் பெயரில் பதியவிடாமல், தொழிலின் பெயரிலேயே பதிய வேண்டும். அவரோடு மனக்கசப்பு வந்தால் பெயரே கையைவிட்டுப் போய்விடும்.

அதன்பின் கூகல் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சேவைகளில் வழிகாட்டிப் பக்கம் உண்டு. பதிவேட்டில் சேர்க்க வேண்டியவை சில வரிகள்தான். ஒரு டொமேனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு எழுதினால் சோதனையே பிழையாகிவிடும். பில் அனுப்பும் கணக்கு மென்பொருளையும் தீபாவளிச் சலுகை மடல் அனுப்பும் சேவையையும் அதில் சேர்க்க மறந்துவிட்டு, டிமார்க்கை ‘நிராகரி’ என்று வைத்தால் சொந்தக் கடிதங்களே நின்றுபோகும். அதனால்தான் முதல் சில வாரம் ‘கவனி’யில் வைத்து அறிக்கையைப் பார்ப்பது. பயன்படுத்தாத பழைய டொமேன் இருந்தால், அதிலிருந்து எந்தக் கடிதமும் வராது என்று எழுதி வைப்பதும் நல்லது.

சில நிறுவனங்களின் கடிதத்தில் சின்னமும் அதனருகே நீல டிக் குறியும் தெரிகின்றன. இது பிமி என்ற ஏற்பாடு. ஜிமெயிலில் நீலக் குறி 2023 மே மாதம் வந்தது. அதைப் பெற டிமார்க் கண்டிப்பான படியில் இருக்க வேண்டும், சின்னம் வணிக முத்திரையாகப் பதிவாகியிருக்க வேண்டும், ஆண்டுதோறும் சான்றிதழுக்குப் பணமும் கட்ட வேண்டும். சிறு கடைகளுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

இவ்வளவும் செய்தாலும் தொடக்கத்தில் சொன்ன 42.3 மில்லியனை இவை காப்பாற்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஓரெழுத்து மாற்றிய டொமேனை மோசடிக்காரரே பதிந்து, அதற்கு மூன்று ஏற்பாட்டையும் ஒழுங்காகச் செய்துவைத்தால் சோதனையில் அது தேறிவிடும். அனுப்பியது இந்த டொமேன்தான் என்பதை மட்டுமே சோதனை சொல்கிறது. அந்த டொமேன் நல்லவருடையதா என்று சொல்லாது. ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் ஒட்டி நின்றால் ‘எம்’ போலத் தெரியும். ‘ர’வையும் துணைக்காலையும் வேறுபடுத்தத் திணறிய தமிழ்க் கண்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. உண்மையான நிறுவனத்தின் அஞ்சல் பெட்டியே கைப்பற்றப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். எல்லாச் சோதனையும் தேறும். இரண்டு அடுக்குக் கடவுச்சொல் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சிங்கப்பூரில் நிறுவனப் பெயரில் குறுஞ்செய்தி அனுப்ப 2023 ஜனவரி 31 முதல் பெயர்ப் பதிவு கட்டாயம். பதியாத பெயருக்கு ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை தானாக விழும். மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு நடுப் பதிவகம் கிடையாது.

பெறுபவர் செய்யக்கூடியதும் உண்டு. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால், மூன்று சோதனைகளின் முடிவும் மேலே தெரியும். வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே கைவசமுள்ள எண்ணில் அழைத்துக் கேட்க வேண்டும். டூயிட்நவ், பேநவ் வழி பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் நிறுவனத்துடையதா, யாரோ தனிநபருடையதா என்று பார்த்துக்கொள்ளலாம். மலேசியப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டினால் புகார் உண்டா என்று தெரியும். இன்று திறந்த கணக்கின் மீது புகார் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்கு அழைக்க வேண்டும். மலேசியாவில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. சிங்கப்பூரில் ஸ்கேம்‌ஷீல்ட் உதவி எண் 1799. வந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதை விசாரணை அதிகாரிகள் அதிலிருந்தே தேடத் தொடங்க முடியும்.