காத்திருப்பின் வரலாறு: இலங்கை அரச வைத்தியசாலைகளும் பிரதேச ஏற்றத்தாழ்வும்

இலங்கையின் சுகாதாரத்துறை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சாதனைகளிலிருந்தே தொடங்குவர். 1946இல் ஆயிரம் பேருக்கு 20.2 ஆக இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டிலேயே 14.3 ஆக வீழ்ந்தமை, வருமானத்தில் பின்தங்கிய நாடொன்று ஆயுள் எதிர்பார்ப்பில் செல்வ நாடுகளை நெருங்கியமை, அரச வைத்தியசாலையில் எவரும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறக்கூடியமை என்பன உலக அரங்கில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவன. இவை மெய்யானவை, மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இச்சராசரிகள் ஒரு கேள்விக்கு விடை தருவனவல்ல. கண்புரை நீக்கம், குடலிறக்கச் சத்திரசிகிச்சை, நீரிழிவுக் கிளினிக் போன்ற அன்றாடச் சிகிச்சைகளுக்காகக் கொழும்பில் வாழும் ஒருவரும், முல்லைத்தீவிலோ மொனறாகலையிலோ நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிலோ வாழும் ஒருவரும் ஒரே அளவு காலந்தான் காத்திருக்கின்றனரா?

கட்டணம் நீக்கப்பட்ட இடத்தில் காலமே விலையாகின்றது. பணத்தைப் பெறாத வைத்தியசாலை நோயாளரின் நாட்களைப் பெற்றுக்கொள்கின்றது. இவ்விலை மூன்று கூறுகளைக் கொண்டது. நிபுணர் உள்ள வைத்தியசாலையைச் சென்றடைவதற்கான பயணம் முதலாவது. விடியற்காலையிற் சென்று துண்டு பெற்று வரிசையில் நிற்பது இரண்டாவது. சத்திரசிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ குறித்துக் கொடுக்கப்படும் திகதி வரையிலான வாரங்களும் மாதங்களும் மூன்றாவது. இவற்றுள் எதுவும் நாடெங்கும் ஒரே தன்மையதன்று. இவ்வேற்றத்தாழ்வு எவ்வாறு உருவாயிற்று என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடியேற்ற ஆட்சி வரைந்த படம்

பிரித்தானியர் ஆட்சியில் வைத்திய சேவை மக்களின் தேவையைப் பின்பற்றிப் பரவவில்லை. நிருவாகமும் வர்த்தகமும் சென்ற வழியிலேயே அது சென்றது. 1858இல் குடிசார் வைத்தியத் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1864இல் கொழும்புப் பொது வைத்தியசாலையும், 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியும் தோன்றின. அக்காலம் முதல் 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் நிறுவப்படும் வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், நாட்டின் வைத்தியர்களை உருவாக்கும் அரச நிறுவனம் கொழும்பு ஒன்றாகவே இருந்தது. வைத்தியர் பயிலும் இடமே அவர் வாழ விரும்பும் இடமாகவும் அமைந்துவிடும் போக்கு இங்கிருந்தே வேர்கொண்டது எனலாம்.

யாழ்ப்பாணத்தின் வரலாறு சற்று வேறுபட்டது. 1847இல் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயை மையமாகக் கொண்டு உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். பின்னர் அதனைத் தமிழ் மொழி மூலமே கற்பித்தார். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் யாழ் நகரில் தோன்றிய வைத்தியசாலை பொதுமக்கள் உதவியுடன் நடத்தப்பட்டு, 1907இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. குடாநாடு ஓரளவு முன்னேறியிருந்தமைக்குக் காரணம் மிசனும் உள்ளூர் முயற்சியுமேயன்றி அரசின் திட்டமன்று. மிசனின் கை எட்டாத வன்னிப் பெருநிலம் இந்நன்மையைப் பெறவில்லை. வடக்கினுள்ளேயே ஓர் ஏற்றத்தாழ்வு அன்றே உருவாகியிருந்தது என்பது கவனத்திற்குரியது.

மலையகத்தில் வேறொரு நியதி செயற்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளரிடையே நிகழ்ந்த பெருந்தொகையான இறப்புகள் 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திற்கு வழிகோலின. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் செலவில் ஒரு பகுதி தோட்ட உரிமையாளர் மீது சுமத்தப்பட்டது. 1912இல் இச்சட்டம் மீள அமைக்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளி பற்றி அறிவித்து அவரை வைத்தியசாலைக்கு அனுப்பும் பொறுப்பும் தோட்ட நிருவாகத்திடமே விடப்பட்டது. இதன் விளைவாகத் தொழிலாளரின் உடல்நலம் குடிமகனின் உரிமையாகாது, துரையின் கணக்கேட்டில் ஒரு செலவினமாகவே அமைந்தது. சிகிச்சைக்குச் செல்லும் வழி துரையின் அனுமதி வழியாகவே சென்றது.

2. வாக்குரிமையும் வைத்தியசாலையும்

இப்படத்தை மாற்றியமைத்தவை இரண்டு நிகழ்வுகள். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட சர்வசன வாக்குரிமை ஒன்று. 1934 - 35ஆம் ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய் மற்றொன்று. பிந்தியதில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டக் கிராமங்களில் வைத்தியசாலையும் இல்லை, உணவும் இல்லை என்ற நிலை அப்போது வெளிப்பட்டது. கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர், நோயின் பின்னே நின்ற வறுமையை அரசியல் வினாவாக்கினர்.

வாக்காளரிடம் மீண்டும் செல்லவேண்டிய அரசாங்க சபை உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்கு ஒரு மருந்தகத்தையோ கிராமிய வைத்தியசாலையையோ பெற்றுக்கொடுப்பதில் போட்டியிட்டனர். 1950இல் அவுஸ்திரேலியரான கம்ஸ்ரன் சமர்ப்பித்த அறிக்கை சேவைகளைப் பிரதேச அடிப்படையில் ஒருங்கிணைக்கும்படி கூறியது. 1951இல் வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1952இல் சுகாதார சேவைகள் சட்டம் நிறைவேறியது. கிராமத்தவர் சில மைல் தொலைவிற்குள் ஏதேனுமொரு சிகிச்சை நிலையத்தை அடையக்கூடிய நிலை இக்காலகட்டத்திலேயே உருவாயிற்று. தாய் சேய் இறப்புக் குறைந்தமைக்கு இதுவும் முக்கிய காரணங்களுள் ஒன்று.

3. வாக்கற்றோர் காத்திருப்பு

வாக்குரிமை வைத்தியசாலையைக் கொண்டுவந்தது எனின், வாக்குரிமை பறிக்கப்பட்ட இடத்தில் நிகழ்ந்தது யாது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையினரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. வைத்தியசாலை கேட்டுப் பாராளுமன்றத்திற் குரலெழுப்பும் உறுப்பினர் அவர்களுக்கு இல்லாது போயினர். நாடு முழுவதும் இலவச வைத்தியம் விரிவடைந்த அதே ஆண்டுகளில், தோட்டங்கள் கம்பனிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டன. பல தோட்டங்களில் மருத்துவப் பட்டம் பெறாத தோட்ட வைத்திய உதவியாளரே முதலும் முடிவுமான வைத்தியராக விளங்கினார்.

இதன் பலனை எழுபதுகளின் புள்ளிவிபரங்கள் கூறும். உணவுப் பற்றாக்குறை நிலவிய 1974இல், சிசு இறப்பு விகிதம் தேசிய அளவில் ஆயிரத்துக்கு 50 அளவில் இருக்க, தோட்டங்களில் அது 100ஐத் தாண்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரும், 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும், தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையுடன் முற்றாக இணைக்கும் பணி பகுதி பகுதியாகவே நடந்து வந்துள்ளது.

காத்திருப்பின் விலை மலையகத்தில் எவ்வளவு என்பதை அறிய ஒரு சொல் போதும். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குரிய கூலியைப் ‘பேர்’ என்பர். கிளினிக் நாளில் லயத்திலிருந்து இறங்கி, பாதை வரை நடந்து, பஸ் பிடித்து, நகர வைத்தியசாலை வரிசையில் நிற்கும் தொழிலாளி அன்றைய பேரை இழக்கிறார். முற்பகலில் திரும்பி வந்தால் அரைப்பேர் கிடைக்கலாம்; வரிசை நீண்டால் அதுவும் இல்லை. ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று கிளினிக் அட்டையில் எழுதப்படும் ஒவ்வொரு முறையும் இன்னொரு பேர் போகின்றது. மாதச் சம்பளம் பெறுபவருக்கு லீவு ஒன்றாக முடிவது, நாட்கூலிக்காரருக்கு அடுப்பு எரியாத நாளாக முடிகின்றது. இலவசம் என்ற சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

4. நிபுணர் குவிவும் இடமாற்றமும்

மருந்தகங்கள் பரவியபோதும் நிபுணத்துவம் பரவவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்திலும் றுகுணவிலும் மருத்துவ பீடங்கள் தோன்றியமை முக்கியமான திருப்பமாகும். எனினும் பட்டப்பின் பயிற்சி கொழும்பிலுள்ள நிறுவனத்தையே மையமாகக் கொண்டது. நிபுணர்களின் நியமனமும் வருடாந்த இடமாற்றமும் மத்திய அமைச்சின் கையில் உள்ளன. சேவை மூப்பே முன்னுரிமையைத் தீர்மானிப்பதால், அனுபவம் குறைந்தோர் தூர மாவட்டங்களுக்குச் செல்வதும், மூப்பு வந்ததும் மேல் மாகாணத்திற்கோ கண்டிக்கோ திரும்புவதும் வழக்கமாயின. பின்தங்கிய மாவட்டத்தின் நோயாளரைப் பொறுத்தவரை இதன் பொருள் தெளிவு. சத்திரசிகிச்சை நிபுணர் மாற்றலாகிச் சென்றால், பதிலாள் வரும்வரை பட்டியல் அசையாது. வந்தபின் பரிசோதனை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

நோயாளரும் இதனை அறிவர். எனவே அண்மையிலுள்ள சிறு வைத்தியசாலையைக் கடந்து பெரிய வைத்தியசாலையை நாடுகின்றனர். சிறு வைத்தியசாலையிற் கட்டில்கள் வெறுமையாகக் கிடக்க, போதனா வைத்தியசாலையில் நோயாளர் நிலத்திற் பாய்விரித்துப் படுக்கும் முரண்பாடு இவ்வாறு தோன்றியது. கட்டில்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மாவட்டங்களை ஒப்பிடுவோர் இம்முரண்பாட்டைக் காணத் தவறுகின்றனர்.

1977இன் பின் அரச வைத்தியர்களுக்குத் தனியார் தொழில் உரிமை மீண்டும் வழங்கப்பட்டமை மற்றொரு கூறினைச் சேர்த்தது. பணமுள்ளவர் ‘சனல்’ செய்து மாலையிலேயே நிபுணரைக் காண்கின்றார். இல்லாதவர் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கின்றார். தனியார் வருமானம் தலைநகரைச் சூழவே மிகுதியாக உள்ளதால், நிபுணர்களை அங்கு ஈர்க்கும் விசையும் வலுப்பெற்றது. இங்கு வர்க்க வேறுபாடும் பிரதேச வேறுபாடும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் சுகாதார சேவையின் பெரும் பகுதியை மாகாணங்களிடம் அளித்தது. போதனா வைத்தியசாலைகள் மத்தியிடமே இருந்தன. பின்னர் வேறு சில பெரிய வைத்தியசாலைகளையும் மத்திய அமைச்சு பொறுப்பேற்றது. ஆதார வைத்தியசாலைகளையும் அவற்றுக்குக் கீழ்ப்பட்டவற்றையும் நடத்தும் மாகாணங்களுக்குச் சொந்த வருமானம் குறைவு. நிபுணரை நியமிக்கும் அதிகாரமோ இல்லை. பொறுப்பு பகிரப்பட்டது, வளம் பகிரப்படவில்லை என்பதே இதன் சாரம்.

5. போரின் ஆண்டுகள்

வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலம் காத்திருப்புக்கு வேறொரு பொருளைக் கொடுத்தது. 1987 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளரும் வைத்தியர்களும் தாதியரும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 1990இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு அவ்வைத்தியசாலையைத் தன் பாதுகாப்பின் கீழ்க் கொண்டது. நிபுணர்கள் புலம்பெயர்ந்தனர், மருந்துப் பொருட்கள் தடைகளுக்கூடாகவே வந்தன. கொழும்பிற்கு அனுப்பப்பட வேண்டிய நோயாளி வைத்தியரின் கடிதத்துடன் ‘பாஸ்’ ஒன்றையும் பெறவேண்டியிருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது கடலும் வானுமே வழியாயின.

இத்தகைய காலத்தில் உயிர்காக்கும் சிகிச்சையே முதலிடம் பெறும். கண்புரை, குடலிறக்கம், பல், செவி என்பன பின்தள்ளப்படும். உயிரைப் பறிக்காத நோய்க்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஆனால் கண்பார்வை மங்கிய தையற்காரரும், பாரம் தூக்க முடியாத மீனவரும் ஆண்டுக்கணக்கில் தொழிலிழந்தனர். போர் 2009இல் முடிந்தபோது அதன் இறப்புகள் பற்றி விவாதம் எழுந்தது. தீர்க்கப்படாது குவிந்திருந்த இவ்வன்றாட நோய்களைப் பற்றி அத்தகைய விவாதம் எழவில்லை.

ஆயினும் இதனை இனப்பிரச்சினையின் ஒரு கிளையாக மட்டும் காண்பது பொருந்தாது. மொனறாகலையின் சிங்கள விவசாயியும் தூரத்தாலும் நிபுணர் இன்மையாலும் அதே வரிசையின் கடைசியிலேயே நிற்கின்றார். 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியின்போது, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே மருந்தின்மையால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. பெரிய வைத்தியசாலைக்கே இக்கதி எனின், அதனை நம்பியிருந்த ஊவாவினதும் மலையகத்தினதும் நோயாளர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

6. எண்ணப்படாத நாட்கள்

இங்கு பிரித்தானிய அனுபவத்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1948 யூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைக் கொண்ட காத்திருப்போர் பட்டியலொன்றை அது பெற்றுக்கொண்டது. அப்பட்டியல் தொடர்ந்து எண்ணப்பட்டது. 1971இல் தென்வேல்சின் சுரங்கக் கிராமமொன்றில் பணியாற்றிய வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹாட், நல்ல சிகிச்சை கிடைக்கும் அளவு தேவைக்கு எதிர்விகிதத்தில் அமைகின்றது என்ற கருத்தை முன்வைத்தார். சந்தையின் செல்வாக்கு மிகும் இடத்தில் இப்போக்கும் மிகும் என்றும் காட்டினார். 1976இல் வளப்பகிர்வுச் செயற்குழு குடித்தொகை, வயது, இறப்பு விகிதம் என்பவற்றைக் கொண்டு நிதியைக் கணித்து, இலண்டனைச் சூழ்ந்த பிரதேசங்களிலிருந்து வடக்கு முதலான பிரதேசங்களுக்கு அதனைத் திருப்ப முயன்றது. அங்கும் ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. 18 வாரங்களுக்குள் சிகிச்சை என்ற இலக்கு 2016இன் ஆரம்பம் முதல் இங்கிலாந்தில் எய்தப்படாது போயிற்று. 2023இல் பட்டியல் 77 இலட்சத்தைத் தாண்டியது. எனினும் எந்த வைத்தியசாலையில் எச்சிகிச்சைக்கு எத்தனை வாரம் என்பது மாதந்தோறும் வெளியாவதால், அங்கு அரசு பதில் கூறியே ஆகவேண்டும்.

நமது சுகாதார ஆண்டறிக்கைகள் கட்டில்களை எண்ணுகின்றன. வெளிநோயாளர் வருகைகளை, அனுமதிக்கப்பட்டோரை, இறந்தோரை எண்ணுகின்றன. சத்திரசிகிச்சைக்குத் திகதி பெற்றவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதற்கு அவற்றில் நிரல் இல்லை. அந்நாட்கள் கிளினிக் அட்டைகளிலும் வைத்தியசாலைக் கொப்பிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எண்ணப்படாத துன்பம் கொள்கையில் இடம்பெறுவதில்லை என்பது குடியேற்ற ஆட்சிக்காலம் முதல் நாம் கண்ட உண்மை. தோட்டத் தொழிலாளரின் இறப்புகள் எண்ணப்பட்ட பின்னரே 1872இன் சட்டம் வந்தது.

எனவே மூன்று விடயங்கள் வலியுறுத்தப்பட வேண்டியுள்ளன. ஒவ்வொரு மாவட்டத்திலும் தெரிவுசெய்யப்பட்ட சில சிகிச்சைகளுக்கேனும் காத்திருப்புக் காலம் பதிவுசெய்யப்பட்டு வெளியிடப்பட வேண்டும். நிபுணரின் இடமாற்றம் பதிலாளின் வருகையுடன் பிணைக்கப்பட வேண்டும். நிதிப் பகிர்வு, உள்ள கட்டில்களின் எண்ணிக்கையை விடுத்து, மக்களின் தேவையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். இவற்றுள் முதலாவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பல்கலைக்கழகங்களும் மாணவரும் தத்தம் மாவட்டத்திலேயே அப்பணியைத் தொடங்கலாம்.

1951இல் கட்டணத்தை நீக்கியவர்கள் பணமின்மையால் எவரும் சிகிச்சையை இழக்கலாகாது என்று கருதினர். அக்கொள்கை இன்னும் பாதி வழியிலேயே நிற்கின்றது. பேரிழந்து வரிசையில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு அவ்வைத்தியசாலை இன்றும் இலவசமானதன்று.