கூரை ஒழுகிய பின் வரும் மானியம்



தமிழ்ப்பள்ளிக்குப் புதிய இணைக்கட்டடம் எழுந்தால் நாளேடுகளில் படம் வருகிறது. இருக்கும் கூரையை ஒழுகுமுன் செப்பனிட்டால் எவரும் படமெடுப்பதில்லை. ஜொகூர் பாருவில் ஆசிரியப் பணியாற்றும் நான், இவ்வழக்கத்தின் வேரைத் தேடும்போது தோட்டப்புறத்தையே சென்றடைகிறேன்.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் பல பள்ளிகள் ரப்பர்த் தோட்டங்களிலேயே பிறந்தன. பள்ளி என்பது நிர்வாகத்திற்குச் செலவுக் கணக்கு; பால்மரம் போல வருவாய் தருவதன்று. எனவே நெடுங்காலம் நிற்கும் கட்டடத்தை எழுப்பவோ பேணவோ ஆர்வம் குறைவாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. நிலமோ பல இடங்களில் தோட்டத்தின் உடைமையாகவே நீடித்தது. 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற நிலை இவ்வாறே வேரூன்றியது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னும் ரினி, தெப்ராவ் பள்ளிகளின் பெயர்களில் 'லாடாங்' என்ற சொல் நிலைத்திருப்பது இவ்வரலாற்றின் தடயமே.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், நிலம், கட்டடம், விரிவாக்கம் ஆகியவற்றுக்கான மூலதன மானியத்தை ஏனைய உதவி மானியத்திலிருந்து பிரித்தே வரையறுக்கிறது. கட்டுவதற்குச் சட்டத்தில் தனிப்பெயர் உண்டு. பேணுவதற்கு அவ்வாறு தனிப்பெயர் இல்லை.

பணமே வரவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி வெள்ளியும், 2019ஆம் ஆண்டுத் திட்டத்தில் 5 கோடி வெள்ளியும் அறிவிக்கப்பட்டன. ஆனால் இவை அறிவிப்பாக வந்தவை. அறிவிப்புக்குக் கோரிக்கை வேண்டும், கோரிக்கைக்குச் சேதம் வேண்டும். கறையானோ அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளமும் நாள் குறித்து வரவில்லை.

பராமரிப்பு நாட்காட்டியைச் சார்ந்தது. பருவமழைக்கு முன் கால்வாய் துப்புரவு, ஆண்டுதோறும் மின்கம்பிச் சோதனை, மரச்சட்டங்களில் கறையான் ஆய்வு ஆகியவை சிறு செலவுகளே. இவற்றைத் தவறவிட்டால் கூரை முழுவதையும் மாற்ற நேரிடும்.

ஆதலால் நம் பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கட்டடங்களின் நிலையை ஆண்டுதோறும் பதிவேட்டில் எழுதிவைத்து, நிலம் எவருடையதாயினும் ஆண்டுப் பராமரிப்பு நிதியை உரிமையாகக் கேட்க வேண்டும். கட்டடம் தோட்டத்திற்குச் சொந்தமாக இருந்திருக்கலாம். அதனுள் பயில்பவர்கள் இந்நாட்டின் பிள்ளைகள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.