மேலே நிற்கும் காடும் கீழே இருக்கும் நாங்களும்

எங்கள் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தாருங்கோ என்று மலர்க்குழுத் தம்பிமார் கேட்டார்கள். சங்கிலியனைப் பற்றியோ பண்டாரவன்னியனைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத என்னிலும் பார்க்க வல்லவர்கள் இருக்கிறார்கள். நான் இம்முறை நாங்கள் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டின் காட்டைப் பற்றியும், இங்குள்ள ஓர் ஆட்டைப் பற்றியும் எழுதப் போகிறேன். காடும் ஆடும் எங்களுக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காரணம் இருக்கிறது.

1986ஆம் ஆண்டு சித்திரை மாதம். நாங்கள் பதினொரு பேர் கிறவுபுண்டன் மாநிலத்தில் ஒரு மலைக்கிராமத்தில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய பழைய விடுதி ஒன்றில் இருந்தோம். வெளியில் பனி முழுதாகக் கரையவில்லை. எங்களுக்கோ வருசம் பிறக்கப் போகிறது. பொங்குவோம் என்று தீர்மானித்தோம். அரிசி இருந்தது. சர்க்கரைக்குப் பதிலாக மண்ணிறச் சீனி. ஆனால் வாசலில் கட்ட வாழைக்கு எங்கே போவது? விடுதிக்கு மேலே சரிவில் காடு நின்றது. ஏறிப் போய், ஆளுயரத்தில் நின்ற இரண்டு நத்தார் மரக் கன்றுகளை வெட்டிக்கொண்டு வந்து வாசலின் இரண்டு பக்கமும் நட்டோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கன்றுகளைக் கண்டதும் சத்தம் போடத் தொடங்கினார். எங்களுக்கு விளங்கியது அவருடைய முகம் மட்டும்தான். நாங்கள் கறுப்பர் என்றபடியால் ஏசுகிறார் என்று நினைத்தோம். பொங்கல் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அடுத்த நாள் அவர் திரும்பி வந்தார், ஆங்கிலம் தெரிந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு. எங்களைத் தேவாலயத்தடிக்கு அழைத்துப் போய் ஒரு கல்லைக் காட்டினார். அதில் பெயர்கள் வெட்டியிருந்தன. ஒரே குடும்பப் பெயர் நாலைந்து தரம் வந்தது. எல்லோருக்கும் இறந்த திகதி ஒன்றுதான். பனிச்சரிவு. பிறகு அவர் தடியால் மேலே காட்டினார். "அந்தக் காடு எங்கள் ஊரின் மதில். பெரிய மரங்கள் ஒரு நாள் விழும். நீங்கள் வெட்டியது நாளைக்கு நிற்க வேண்டிய மதில்" என்று ஆசிரியை மொழிபெயர்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது எங்களோடு இருந்த ஓர் அண்ணை சொன்னார்: "அங்க எங்கட சனம் செத்துக்கொண்டிருக்கு. இவைக்கு இரண்டு மரக்கண்டு பெரிசாப் போச்சு." நான் மறுமொழி சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பாஷை கொஞ்சம் பிடிபட்ட பிறகு நூலகங்களில் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததைத்தான் கீழே சொல்கிறேன்.

இங்குள்ள மலைச்சனங்கள் காட்டைக் காப்பது இன்று நேற்று வந்த நாகரிகம் அல்ல. அன்டர்மாட் என்ற ஊருக்கு மேலே ஒரு சிறிய காடு முக்கோண வடிவில் நிற்கிறது. அதில் எவரும் மரம் வெட்டக்கூடாது என்று ஊரவர்கள் 1397ஆம் ஆண்டிலேயே பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவில் நெருக்கமாக மரம் நின்றால் பனி ஒரே பாளமாகப் படியாது. கொப்புகளில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விழும். அடிமரங்கள் மிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். மரம் இல்லாத சரிவில் பனிப்பாளம் முழுதாகக் கழன்று ஊருக்கு மேலே வந்துவிடும்.

ஆனால் பத்திரம் எழுதி வைத்த ஊர்கள் சிலவே. 1800களில் இந்த நாட்டின் மலைக்காடுகள் மொட்டையடிக்கப்பட்டன. வீடு கட்ட மரம், அடுப்புக்கு விறகு, இரும்பு உருக்கக் கரி, ஆற்றில் மிதக்கவிட்டு வெளிநாட்டுக்கு விற்கத் தடி. முளைத்து வந்த கன்றுகளை ஆடுகள் கடித்தன. வெட்டினவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் சுவிஸ் ஒரு வறிய நாடு. கிளாறுஸ் மாநிலத்தில் பிழைக்க வழியில்லாமல் போன சனங்கள் 1845இல் அமெரிக்காவுக்குப் போய், விஸ்கொன்சினில் நியூ கிளாறுஸ் என்றே ஒரு ஊரை உண்டாக்கினார்கள். எங்களைப் போலத்தான், ஊரின் பெயரையாவது கொண்டு போனார்கள்.

எலியாஸ் லண்டோல்ட் என்ற காட்டியல் பேராசிரியர் 1858 முதல் 1860 வரை மலைக்காடுகளை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1862இல் வெளிவந்தது. மேலே காடு அழிந்தால் கீழே வெள்ளமும் மண்சரிவும் வரும் என்று அது எச்சரித்தது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1868ஆம் ஆண்டு செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் பெருமழை கொட்டியது. ரிச்சினோ, கிறவுபுண்டன், ஊரி, வாலிஸ், சென்காலன் மாநிலங்களில் ஆறுகள் கரை உடைத்தன. மாஜோரே ஏரி அதற்கு முன்னும் பின்னும் அளந்தறியாத உயரத்துக்கு ஏறியது. ஐம்பது பேரளவில் செத்தார்கள். மழைக்குக் காடு பொறுப்பல்ல. ஆனால் மொட்டைச் சரிவுகள் வெள்ளத்தை மோசமாக்கின என்று அப்போதைய ஆக்கள் உறுதியாக நம்பினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே வெட்டினவன் வேறு, கீழே செத்தவன் வேறு. மலையில் உள்ள ஒரு மாநிலம் தன் காட்டை விற்கிறது. சமவெளியில் உள்ள இன்னொரு மாநிலத்தின் வீடு தண்ணீரில் போகிறது. அதனால்தான் 1874ஆம் ஆண்டு அரசியல் யாப்பு உயர்மலைக் காடுகளையும் ஆறுகளையும் மேற்பார்வை செய்யும் அதிகாரத்தைச் சமஷ்டி அரசுக்குக் கொடுத்தது. 1876இல் காட்டுச் சட்டம் வந்தது. 1902இல் அது நாடு முழுவதுக்கும் விரிந்தது. நாட்டின் காட்டுப் பரப்பு குறையக்கூடாது என்பதே அதன் சாரம். இன்று சுவிஸ் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு நடக்கப் போகிற காடுகளில் பல, யாரோ ஒரு தலைமுறை பசியோடு நட்டு வைத்தவை.

காட்டோடு போனவை மரங்கள் மட்டுமல்ல. இனி அந்த ஆட்டின் கதை.

ஸ்ரைன்பொக் என்கிற மலையாட்டை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கிறவுபுண்டன் கொடியில் நிற்பது அதுதான். வளைந்த பெரிய கொம்பு, செங்குத்தான பாறையிலும் வழுக்காத கால். இதன் கொம்பு, இரத்தம், இதயத்தில் உள்ள சிறு எலும்பு, வயிற்றில் திரளும் கல் எல்லாவற்றையும் மருந்தென்று நம்பினார்கள். துவக்கு வந்தபிறகு அதற்குத் தப்ப வழியில்லை. 1800களின் முற்பகுதியில் சுவிஸில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதிலும் உயிரோடு இருந்தது ஏறக்குறைய நூறு ஆடுகள். அவையும் இத்தாலியப் பக்கத்தில் கிரான் பரடீசோ என்ற ஒரேயொரு மலையில்.

அந்த நூறையும் காப்பாற்ற, யோசப் சும்ஸ்ரைன் என்ற காட்டதிகாரியின் முயற்சியால் 1821இல் அங்கே வேட்டை தடை செய்யப்பட்டது. 1856இல் இரண்டாம் விக்ரர் இம்மானுவேல் அரசர் அந்த மலையைத் தனது வேட்டைநிலமாக்கினார். தான் மட்டும் சுடுவதற்காகத்தான் காவல் போட்டார். ஆனாலும் ஆடு பிழைத்தது.

சுவிஸ்காரர் தங்கள் மலைக்கு ஆட்டைத் திருப்பிக் கொண்டுவர விரும்பினார்கள். விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். இத்தாலிய அரசர் கொடுக்கவில்லை. அதன் பிறகு நடந்ததை வாசித்தபோது நான் தனியே இருந்து சிரித்தேன். 1906இல் கள்ளவேட்டைக்காரர்கள் குட்டிகளைப் பிடித்து, மலை எல்லை தாண்டிக் களவாகக் கொண்டுவந்தார்கள். சென்காலன் நகரத்துப் பீற்றர் உண்ட் பவுல் விலங்குப் பூங்காவில் அவற்றுக்கு வெள்ளாட்டுப் பால் கொடுத்து வளர்த்தார்கள். பாஸ்போட் இல்லை, விசா இல்லை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டி, ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவைதான் இந்த நாட்டின் பெருமைக்குரிய ஸ்ரைன்பொக்! 1911இல் சென்காலன் மாநிலத்து மலையொன்றில் முதல் ஐந்து ஆடுகளை அவிழ்த்து விட்டார்கள். இன்று அல்ப்ஸ் முழுவதும் ஐம்பதினாயிரம் வரை நிற்கின்றன. எல்லாம் அந்த நூறின் வழித்தோன்றல்கள்.

ஆனால் ஒரு வடு இருக்கிறது. அத்தனையும் ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியபடியால் அவற்றின் மரபணுக்களில் வேறுபாடு குறைவு. ஒரு புது நோய் வந்தால் தாங்கும் பலமும் குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் அஞ்சுகிறார்கள். எண்ணிக்கை திரும்பி வரலாம். இழந்தது முழுக்கத் திரும்பி வராது. இதை ஆட்டை வைத்து விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கஷ்டமில்லை.

இன்னொரு திகதியையும் சொல்ல வேண்டும். கிறவுபுண்டனில் உள்ள சுவிஸ் தேசியப் பூங்கா தொடங்கப்பட்டது 1914 ஆவணி முதலாந் திகதி. அதே நாளில்தான் ஜெர்மனி ரஷ்யா மீது போர்ப் பிரகடனம் செய்தது. ஐரோப்பா எரியத் தொடங்கிய நாளில், இவர்கள் ஒரு காட்டை மனிதன் கை வைக்காமல் விடுவோம் என்று முடிவை நிறைவேற்றினார்கள். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1909இல் அமைத்த இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அங்கத்தவர்கள் ஆளுக்கு வருடம் ஒரு பிராங் கொடுத்தார்கள். எங்கள் சங்கத்துச் சந்தா மாதிரி. பூங்காவுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் 1904இல் சுவிஸின் கடைசிக் கரடியைச் சுட்டிருந்தார்கள். அது அவர்களுக்கு ஒரு பாடம்.

இன்றைக்கும் சண்டை முடியவில்லை. 1995இல் ஓநாய் தானாகவே இத்தாலிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. செம்மறி வளர்க்கிற கமக்காரனுக்கு அது நஷ்டம்; அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காட்டுக்காரர் வேறு கணக்குச் சொல்கிறார்கள்: மானைக் கலைக்க ஒன்றும் இல்லாவிட்டால் மான்கள் இளங்கன்றுகளைக் கடித்துத் தீர்க்கும், கன்று இல்லாவிட்டால் மதில் இல்லை என்று. 2020இல் வேட்டைச் சட்டத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்து, ஐம்பத்திரண்டு வீதமளவில் வேண்டாம் என்றார்கள். பிறகு பாராளுமன்றம் சட்டத்தை வேறு விதமாக மாற்றி, 2023 மார்கழி முதல் ஓநாய்களை முன்கூட்டியே சுட அனுமதித்தது. இந்நாட்டுப் பிரஜைகளான எங்களில் எத்தனை பேர் அந்த வாக்குச்சீட்டைப் பிரித்துப் பார்த்தோம்? "இது வெள்ளைக்காரற்ர விசயம்" என்று பழைய பேப்பரோடு போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் காடு தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 மே மாதம் வாலிஸ் மாநிலத்தில் பனியாறும் பாறையும் இடிந்து விழுந்து பிளாற்றன் என்ற ஊரை மூடியது. அதை எந்த மரமும் தடுத்திராது. மலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் சனத்தை முன்கூட்டியே வெளியேற்றியபடியால் முந்நூறு பேரளவில் தப்பினார்கள். ஆனால் இழந்த ஊர் இழந்ததுதான்.

எங்கட அப்பு வன்னியில் சொல்லுவார், குளத்துக்கு மேலே நிற்கிற காட்டில் கத்தி வையாதே, மண் வந்து குளத்தைத் தூர்த்துப் போடும் என்று. கிறவுபுண்டன் கிழவர் சொன்னதும் அதுதான்; எனக்குத்தான் மொழி விளங்கவில்லை. போரில் பதுங்குகுழி மூட எத்தனை ஆயிரம் பனைகளைத் தறித்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போர் முடிந்தபிறகு மணலையும் மரத்தையும் லொறிகளில் ஏற்றுகிறார்கள். ஊரில் வீடு திருத்தவும் கோயில் கட்டவும் நாங்கள் காசு அனுப்புகிறோம். நல்ல விசயம். அந்த மணல் எந்த ஆற்றிலிருந்து, அந்த மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கோ. கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, காசு எங்களுடையது.

அந்த அண்ணை இப்போது உயிரோடு இல்லை. அவருக்கு அன்றைக்குச் சொல்லாத மறுமொழியை இப்போது சொல்கிறேன். அண்ணை, மனிசர் சாகும்போது மரத்தைப் பார்க்கிறது பெரிய விசயமில்லை என்று நினைச்சம். ஆனால் அந்தக் கல்லில் இருந்ததும் மனிசற்ர பெயர்தான். மனிசரைக் காப்பாற்றத்தான் அந்தக் கிழவர் மரத்துக்கு நின்றவர்.

இந்தச் சித்திரைக்கு வாசலில் எதை நட்டாலும், வேரோடு உள்ளதாய் நடுங்கோ. எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.