யாழ்ப்பாணத்துக் கூரைகளும் வெயிலும்

மக்கள் அமைக்கும் வீடு அவர்தம் நாட்டின் தட்பவெப்பத்தைத் தழுவியே உருவாகின்றது. வட அகலக்கோடு ஏறக்குறைய 9 பாகை 40 கலையிலுள்ள யாழ்ப்பாணத்திற் சித்திரையிலும் ஆவணியிலும் ஞாயிறு நண்பகலில் நேர் உச்சிக்கு வருகின்றது. ஆதலின் வெயிலின் தாக்கத்தைச் சுவரினுங் கூரையே மிகுதியாகத் தாங்குகின்றது.

முன்னோர் பனையோலையாற் கூரை வேய்ந்தனர். அடுக்கடுக்கான ஓலைகளினிடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. தாழ்ந்த இறப்போ சுவருக்கு நிழல் தரும். எனினும் ஓலை தீக்கும் கறையானுக்கும் இரையாவது. அடிக்கடி புதுக்கப்பட வேண்டியது.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். பின்வந்த காலத்தில் ஓட்டுக்கூரை செல்வர் மனைகளிற் பரவியது. பாசல் மிஷனார் 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியபின் தட்டையோடுகளும் பெருகின. ஓட்டிடைவெளியால் வெப்பக்காற்று வெளியேறும். நாற்சார் வீட்டின் முற்றமும் அதற்குத் துணை செய்தது.

இருபதாம் நூற்றாண்டிற் பெருகிய கொங்கிறீற்றுத் தட்டு பகலில் வெப்பத்தைச் சேமித்து இரவில் வீட்டினுள்ளே உமிழ்கின்றது. போர் 2009 இல் முடிந்தபின் வீடமைப்பு மீண்டும் பெரும் வினாவாயிற்று. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கென முன்மொழியப்பட்ட 65,000 உருக்கு வீடுகள் இவ்வெப்பநிலத்துக்கு ஒவ்வாதன என்று 2016 இல் எதிர்ப்பெழுந்தது.

பசுங்கூரை, அஃதாவது மண்ணிட்டுச் செடி வளர்த்த கூரை, 1970 களின் பின் ஜேர்மனியிற் பெரிதும் வளர்ச்சியுற்றது. செடி நிழல் தருகின்றது. மண் வெப்பத்தைத் தாமதப்படுத்துகின்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகுங்கால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. எனவே வெறுந்தட்டுச் சுடுமளவிற்கு அது சுடுவதில்லை.

ஆயினும் அக்குளிர்ச்சியின் பெரும்பகுதிக்கு நீரே விலையாகும். வற்றாத ஆறில்லாத இக்குடாநாடு கிணற்று நீரையே நம்பியிருப்பது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்வது. வெயில் கடுமையாகும் மாதங்களிற் கூரைமண் காய்ந்துவிடும்; அதை நனைக்கக் கிணற்றை இறைப்பின் நிலத்தடி நன்னீர் குறையும். ஆகவே பசுங்கூரை இங்கு நிலைபெற வேண்டுமாயின் வறட்சி தாங்குஞ் செடிகளும், வீட்டிற் பயன்படுத்திய நீரை மீளப் பாய்ச்சும் ஏற்பாடும், மண்ணின் பாரந்தாங்குந் தட்டும் இன்றியமையாதன.

துளி நீரும் வேண்டாது வெயிலைத் தடுத்த ஓலைக்கூரையின் நுட்பம், நிழலும் காற்றிடைவெளியுமே. ஓலைக்கு மீளுதல் யாவர்க்கும் இயலாது. அந்நுட்பத்தைப் புதிய கூரைகளில் அமைத்தல் இயலும்.