ரப்பர் தோட்டம் வரை வந்த மதிப்பெண்

மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவற்றில் ஆளுக்கு ஆள் மாறுகிற 313 இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு எடை கொடுத்துக் கூட்டினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பில் ஒரு பெண் மற்றப் பெண்களுக்கு மேலே நிற்கிறாளா, கீழே நிற்கிறாளா என்பதை அது சொல்லும். இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரி எதற்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் நம் பக்கமாக வெகுதூரம் வந்துவிட்டது.

அதன் பிறப்பு 2007-இல். கேம்பிரிட்ஜில் டக்ளஸ் ஈஸ்டனின் குழு, நோய் கண்ட பெண்களின் மரபணுக்களை நோயில்லாத பெண்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது, பத்தாவது குரோமோசோமில் எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவில் ஒரு புள்ளி தட்டுப்பட்டது. பிஆர்சிஏ1 பிழையைப் போலத் தாய், மகள், பேத்தி என்று ஒரு குடும்பத்தையே உலுக்குகிற புள்ளியல்ல. தனியே பார்த்தால் ஆபத்தை ஒரு துளி கூட்டும், அவ்வளவுதான். துளிகள் சேரச் சேரத்தான் கணக்கு கனத்தது. 2017-இல் வந்த பெரிய ஆய்வில் நோய் கண்ட ஐரோப்பிய வம்சாவளிப் பெண்கள் 122,977 பேர், கிழக்காசியப் பெண்கள் 14,068 பேர். தென்னாசியருக்கென்று ஒரு நிரல் அதில் இல்லை. 2019-இல் நசீம் மவத்தத்தும் கூட்டாளிகளும் 313 புள்ளிப் பட்டியலை வெளியிட்டார்கள். அதுவும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடமிருந்து செய்ததே. அதே ஆண்டு அலிசியா மார்ட்டினின் குழு கணக்கிட்டுப் பார்த்தது: இத்தகைய ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 79 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர், உலக மக்களில் அவர்கள் 16 சதவீதம்.

ஓரிடத்தில் செய்த பட்டியல் வேறோரிடத்தில் ஏன் தடுமாற வேண்டும்? இந்தப் புள்ளிகளில் பல, நோய்க்குத் தாமே காரணமானவை அல்ல. காரணமான எழுத்துக்கு அண்டை வீட்டில் இருப்பவை. ஒரு மலையில் குறிப்பிட்ட பாறைக்குப் பக்கத்தில் எப்போதும் ஊற்று இருக்கிறது என்று வையுங்கள். அங்கே பாறையைப் பார்த்தாலே தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அடுத்த மலையில் அதே மாதிரிப் பாறை கிடக்கும், ஊற்று நான்கு மேடு தள்ளி இருக்கும்.

தமிழரின் மரபணுவே உலகக் களஞ்சியத்தில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் முடிந்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத் தொகுதி பதிவானது. அவர்களில் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். அவர்களுடைய உயிரணுக்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டனில் உள்ள கோரியல் நிறுவனத்தில் உறைநிலையில் இருக்கின்றன. அந்த 102 பேருக்கும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கலாம். அது சரியா என்று மட்டும் சோதிக்க முடியாது. யாருக்கு என்ன நோய் என்ற விவரத்தை அந்தத் திட்டம் சேர்க்கவேயில்லை.

நோய் விவரம் வேறொரு வாசல் வழியாக வந்தது. எனக்கு இந்தக் கதையில் நெஞ்சைத் தொட்ட இடம் அதுதான். சூ ஹுவாங் தியோவும் மற்ற ஆய்வாளர்களும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களைச் சேர்த்து வந்தார்கள். ஆசியாவின் வேறு ஆய்வுகளோடு அவற்றையும் சேர்த்து, நோய் கண்ட 17,262 பேரையும் நோயற்ற 17,695 பேரையும் வைத்து ஐரோப்பிய மதிப்பெண்ணைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண்ணில் உச்சியிலிருந்த ஒரு சதவீதத்தினருக்கு, நடுவில் இருந்தவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய 2.7 மடங்கு. ஐரோப்பியரிடம் இருந்த கூர்மை இல்லை, ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. சீன, மலாய், இந்தியப் பெண்களிடையே வித்தியாசமும் தென்படவில்லை.

மலேசியாவின் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். பலர் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களின் பேத்திகள். திருச்சியிலும் சேலத்திலும் கங்காணி ஆள் சேர்த்த காலத்தில், ஒரு கூட்டம் மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாருக்கு வந்தது. இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனது. ஒரே மாவட்டங்கள், ஒரே வறட்சி. ஆகவே கோலாலம்பூரில் இரத்தம் கொடுத்த பெண்கள் நம் மலையகத்துப் பெண்களுக்கு அக்கா தங்கை முறை.

இருந்தும் உறவுமுறையை வைத்தே எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்த நம் சாதிகள் மரபணுவில் தனித்தனிக் கிணறுகள். 'இந்தியர்' என்ற ஒற்றை நிரல் அவற்றைக் கலக்கிக் காட்டுகிறது. இலங்கைக் குடிசன மதிப்பீடு 1911 முதல் மலையக மக்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே எண்ணிவருகிறது. மரபணுப் பட்டியல்களில் அவர்களுக்கென்று ஒரு பெயர் வேண்டும். இன்னொன்றும் உண்டு. மதிப்பெண் வரிசையை மட்டுமே சொல்லும். பிரித்தானியாவில் வாழ்நாளில் ஏழு பெண்களில் ஒருத்திக்கு இந்த நோய் வருகிறது. இலங்கையில் அந்த வீதம் மிகக் குறைவு. அந்த ஊர் வீதத்தில் பெருக்கி இங்குள்ள ஒருத்தியிடம் சொன்னால் வீண் பயம்தான் மிஞ்சும்.

சரி, மலையேறி வந்ததும் அது யார் கையில் சேரும்? இலங்கையில் 1996 முதல் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. 35 வயதான பெண்ணை அழைத்து, மருத்துவரோ தாதியோ மார்பைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். கட்டி தட்டுப்பட்டால் அடுத்த சோதனைக்கு ஆஸ்பத்திரி, அதற்கும் மேலே மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. லயத்திலிருந்து இறங்கிப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். அன்றைக்குக் கொழுந்தும் இல்லை, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேரும் இல்லை. ஆபத்து கூடியவள் என்று ஒருத்திக்குச் சொல்லிவிட்டு அந்த நாளை அவள் தலையிலேயே கட்டுவது நியாயமாகாது. கூடைக் கயிறு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மதிப்பெண் வரட்டும், நான் மனதார எதிர்பார்க்கிறேன். அது வரும்போது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்கிறவளுக்கு அன்றைய பேரைச் செக்ரோலில் எழுதிவிட்டு அனுப்ப வேண்டும்.