பயிர் நட்டஈடு பிறந்த கதை

மாரி வெள்ளம் மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வட்டைகளில் ஏறி இறங்கியதும் தேநீர்க் கடையில் எழும் முதல் கேள்வி, "ஏக்கருக்கு எவ்வளவாம்?" என்பதுதான். எழுபது வருசத்துக்கு முன் இப்படிக் கேட்க ஆளில்லை. வெள்ளாமை அழிந்தால் விதைநெல்லுக்குப் பெரிய காணிக்காரரான போடியார் வாசலுக்குப் போக வேண்டும். அடுத்த போகத்தில் வட்டியோடு அளந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிவாரணம்.

1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் நாட்டில் பல குளங்களை உடைத்தது. மட்டக்களப்பும் மூழ்கியது. அடுத்த வருசமே பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. யோசனை புதிதல்ல. அமெரிக்கா 1938இல் கோதுமைக்கென்று சட்டம் போட்டிருந்தது, ஜப்பான் 1947இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கைக்கு வழி சொன்னவர் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர் பி. கே. ராய்.

ஆனால் யார் எந்த வயல் துண்டைச் செய்கிறார் என்று தெரியாமல் யாருக்குக் காசு கொடுப்பது? அங்கேதான் அமைச்சர் பிலிப் குணவர்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வருகிறது. ஊர் வயல்களை மேற்பார்த்த வட்டை விதானையின் வேலையை அது கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுவிடம் கொடுத்தது. நெற்காணி இடாப்பை, அதாவது பதிவேட்டை, எழுதி வைப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. வெள்ளத்தைவிட, ராயின் அறிக்கையைவிட, நட்டஈட்டைப் பெற்றெடுத்தது இந்த இடாப்புத்தான் என்பேன்.

1961இல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1973இல் காப்புறுதிக்கென்று தனிச் சபை அமைந்து, நெல்லோடு மற்றப் பயிர்களும் கால்நடையும் சேர்ந்தன. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது தென்னந்தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சரிந்தன. போகத்தை வைத்துப் போடும் நட்டஈட்டுக் கணக்கு, திரும்பக் காய்க்க வருசக்கணக்காகும் மரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

காப்புறுதி என்றால் கட்டுப்பணம் கட்ட வேண்டும். கடன் வாங்கி விதைக்கிறவனுக்கு அது இன்னொரு செலவு. 2013இல் அரசு வேறு வழி பிடித்தது: வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகளின் இலாபத்தில் நூற்றுக்கு 1 வீதம் பயிர்க் காப்புறுதிக்கென்று அறவிட்டது. நல்ல வேலை, தாமதமாக நடந்தது. 2024 நவம்பர் வெள்ளத்துக்கு நெல் உட்பட ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை தருவதாக அரசு சொன்னது. 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பின் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 150,000 ரூபாய், அதாவது ஏக்கருக்குச் சுமார் 60,000.

தொகை ஏறியிருக்கிறது. பழைய கோளாறு அப்படியே கிடக்கிறது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர் உழுகிறார், விதை எறிகிறார், கடன்படுகிறார். இடாப்பில் இருப்பது காணிக்காரரின் பெயர். மாடு வளர்க்கும் பட்டிக்காரர் பாடு இன்னும் மோசம். மேய்ச்சல் தரையில் வெள்ளம் அள்ளிக்கொண்டு போன மாட்டுக்குக் காதில் இலக்கத் தகடு இல்லாவிட்டால், அது இருந்ததற்கே சாட்சியில்லை. இழந்தவருக்குப் போகாமல் எழுதப்பட்டவருக்குப் போகிற காசை நான் பாதி நட்டஈடு என்றுதான் சொல்வேன்.

குத்தகைக்குச் செய்கிறவர்களே, விதைப்புக்கு முன்னரே குத்தகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கமநல நிலையத்துக்குப் போங்கள். இந்தப் போகத்துக்கு உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.